நிறுத்தச் சொன்ன மாத்திரை

நர்ஸ் தம்பியின் உடலிலிருந்து குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். அக்கா கண்ணாடிக் கதவுக்கு இப்பால் நின்று பார்த்தாள். சிறுநீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த நர்ஸ், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னாள்:

"உங்க கிட்னி கடைசி வரைக்கும் நல்லா வேலை செஞ்சுதும்மா."



தம்பிக்குக் கிட்னி கொடுத்தவள் அவள்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "இனிமே என்னைத் திட்டாதக்கா, உன்னையே திட்டிக்கிற மாதிரி" என்பான். மாத்திரை விஷயத்தில் மட்டும் அவனை நம்ப முடியாது. ஒருமுறை மறந்து தொலைத்து, கிட்னி கையை விட்டுப் போகப் பார்த்தது. அன்றிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பது அக்காவின் பொறுப்பு.

டாக்டர் அப்போதே விளக்கியிருந்தார். உடம்பில் டி செல் என்று காவல்காரர்கள் உண்டு. கிருமி புகுந்த செல்லைத் தேடிப் பிடித்து அழிப்பார்கள். ஆனால் வெளியிலிருந்து வந்த கிட்னியும் அவர்களுக்கு அந்நியம்தான். அக்காவாயிற்றே என்று தாட்சண்யம் பார்க்க மாட்டார்கள். அதனால் மாத்திரை கொடுத்து அவர்கள் கையைக் கட்டிப்போட வேண்டியிருக்கிறது.

தம்பிக்குக் கொரோனா வந்ததும் அவரே போன் செய்தார். வெள்ளை மாத்திரையை மட்டும் நிறுத்துங்கள், காவல்காரர்கள் எழுந்து சண்டை போடட்டும், காய்ச்சல் விட்டதும் மறுபடி கொடுக்கலாம் என்றார். சரி என்று போனை வைத்தாள்.

"டாக்டர் என்னக்கா சொன்னாரு?"

"வழக்கம்போலதான். தண்ணி நிறையக் குடி."

காய்ச்சல் வரும், போகும். கிட்னி போனால் போனதுதான் என்று நினைத்தாள். எல்லாம் தம்பிக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டாள். அது என்னுடையது, அதில் கை வைக்காதீர்கள் என்று உள்ளே ஒரு குரலும் இருந்தது. மூச்சுத் திணறி அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த அன்று காலையிலும் வெள்ளை மாத்திரையைக் கொடுத்திருந்தாள்.

பெஞ்சில் தம்பி மனைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் வந்தார்.

"மனசைத் தேத்திக்கோங்க. உங்க பக்கம் ஒரு குறையும் இல்ல. சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டீங்க. அப்படியும் அவர் டி செல் எந்திரிக்கவே இல்ல."

"அண்ணி கண்ணு மூடல டாக்டர். பெத்தவகூட அப்படிப் பாத்திருக்க மாட்டா" என்றாள் தம்பி மனைவி.

தலையாட்டிவிட்டால் தீர்ந்தது. அக்கா தலையாட்டினாள்.

டாக்டர் போகாமல், எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவர் பொண்ணுக்கும் கிட்னி மாத்தினதுதான். நேத்துலேர்ந்து காய்ச்சல். உங்க தம்பிக்கே நிறுத்திப் பிரயோஜனம் இல்லாதப்ப, அந்தப் பொண்ணுக்கும் நிறுத்தி, கிட்னியையும் எதுக்குக் கெடுக்கணும்னு பாக்கிறேன்."

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து பெரியவர் எழுந்து நின்றார்.

அக்கா பெரியவரைப் பார்த்தாள்.

"நிறுத்துங்க டாக்டர்."

"என்னம்மா?"

"அந்தப் பொண்ணுக்கு நிறுத்துங்க. நான் நிறுத்தல. அவனுக்குக் கொடுத்துக்கிட்டேதான் இருந்தேன்."

டாக்டர் அவளையே பார்த்தார். பிறகு வார்டை நோக்கி வேகமாக நடந்தார். பெரியவர் அவர் பின்னாலேயே ஓடினார்.

தம்பி மனைவி அழுவதை நிறுத்தியிருந்தாள். அக்காவின் தோளிலிருந்த தன் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.