எங்கள் விலாசத்தில் ஒரு கார்

அந்தக் காரை நான் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. வெள்ளை நிறமாம். ஆனால் பதிவுப் புத்தகத்தின்படி இரண்டு வருடமாக அது உறுவையாறு மாதா கோயில் தெருவில், எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. எங்கள் வாசலில் என் ஸ்கூட்டியை நிறுத்தினாலே ஆள் ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. பாண்டிச்சேரியில் வண்டிக்கு வரி குறைவு. அதனால் கடலூர், விழுப்புரம் பக்கத்து ஆட்கள் இங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர்கள் விலாசத்தில் வண்டியைப் பதிவு செய்துகொள்வார்கள். எங்கள் தெருவில் அதை யாரும் தப்பாக நினைத்ததே இல்லை. எதிர்வீட்டு வேலம்மாள் வீட்டு விலாசத்தில் ஒரு லாரி இருக்கிறது. கேட்டால் ரேஷன் கார்டு நகல் ஒன்று கொடுப்போம். அவர்கள் ஒரு புடவையோ ஸ்வீட் பாக்ஸோ கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் ஆண்டனி பெயிண்டர். அவரோடு வேலை செய்த கடலூர்க்காரர் அரிகரன் கார் வாங்கப் போகிறேன் என்று வந்து நின்றபோது நானும் தலையை ஆட்டினேன். அவர் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்குக் குடியிருப்பதாக ஒரு பத்திரம் தயாரானது. எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. எனக்கு ஊதாப் புடவை ஒன்று வந்தது. முதல் துவையலிலேயே சாயம் போயிற்று. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

அரிகரன் தவணை கட்டவில்லை. போனை அணைத்துவிட்டு, காரோடு எங்கோ போய்விட்டார். பைனான்ஸ் கம்பெனி ஆட்கள் விலாசத்தைத் தேடி எங்களிடம் வந்தார்கள்.

இரண்டு வாரத்தில் மூன்று முறை வந்துவிட்டார்கள். இரண்டு பேர். பேசுகிறவன் பெயர் மணிபாரதி. செலியமேட்டுக்காரன், இருபத்தைந்து வயதிருக்கும், சட்டையை இன் செய்து, தலையைப் படிய வாரியிருப்பான். வார்த்தைக்கு வார்த்தை அக்கா போடுவான். திட்டியிருந்தால்கூட நானும் திட்டித் தீர்த்திருப்பேன். இவன் மரியாதையாகவே, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "கடன வாங்கிட்டு இப்டி பண்லாமாக்கா" என்று கேட்பான். கூட வருகிற தடியன் வாயே திறக்க மாட்டான். எதையாவது பிடித்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வான். மூன்று முறையும் ஆண்டனிக்கு வெளியே வேலை இருந்தது. நான்தான் நின்று பதில் சொன்னேன். மூன்றாவது முறைக்குப் பிறகு மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பாக்கி நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நான்காவது முறை ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாதா கோயில் பூசை முடிந்து, அரைக் கிலோ கறி வாங்கிக்கொண்டு வந்து, ஸ்கூட்டியில் சாவியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன். ஆண்டனி குழாயடியில் உட்கார்ந்து கறியைக் கழுவினார். அன்றைக்கு அவரால் ஓட முடியவில்லை. வெளியே சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்த்தபோது தடியன் என் ஸ்கூட்டிமேல் உட்கார்ந்திருந்தான். சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

அந்த ஸ்கூட்டி இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. திருவாண்டார்கோயில் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். காலை ஆறு மணி ஷிப்ட். அந்த நேரத்துக்கு எங்கள் ஊரில் பஸ் கிடையாது. மூன்று வருடம் ஓவர்டைம் பார்த்து ஸ்கூட்டி கடனை அடைத்து, ஆர்.சி. புத்தகம் என் கைக்கு வந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. நர்சிங் படிக்கிற மகளின் ஹாஸ்டல் பணம் அந்த ஆறு மணி ஷிப்டில்தான் வருகிறது.

"எறங்குடா அதுலேர்ந்து" என்றேன். தடியன் மணிபாரதியைப் பார்த்தான்.

"அக்கா, கோவப்படாதீங்க. ஸ்டேஷன்ல சொல்ட்டுதான் வந்துக்கிறோம். கார் கெடைக்கல. அதுக்கு பதிலா இத எடுத்துக்கினு போவச் சொல்லி ஆர்டர்."

"யாரு குடுத்த ஆர்டரு? பேப்பர காட்டு."

அவன் கழுத்தில் தொங்கிய அட்டையை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டு, நான் படிக்கும் முன்பே கீழே விட்டான். தெருவில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். வேலம்மாள் முறத்தோடு தன் வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, கடன் வாங்குனவன் அரிகரன். கார ஓட்னவன் அரிகரன். நாங்க விலாசம்தான் குடுத்தோம். விலாசம் வந்து கடன் கட்டுமா?"

"விலாசம் மட்டுமா குடுத்தீங்க? ஜாமீன் கையெழுத்து போட்டுக்கிறீங்களேக்கா."

"யாரு?"

"நீங்கதான்."

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். ஏதோ படிவம். ஜாமீன்தாரர் என்ற இடத்தில் ஜோஸ்பின் என்று என் பெயர். அதன் கீழே என் பெயரில் ஒரு கையெழுத்து. இன்னொரு பக்கத்தில் என் சம்பளச் சீட்டு. ஓரத்தில் ஒட்டியிருந்த போட்டோவை விரலால் பெரிதாக்கிக் காட்டினான். நான்தான். தலையில் கனகாம்பரம். இடது பக்க ஓரத்தில் நீலச் சட்டை போட்ட ஒரு தோள் பாதியாக வெட்டுப்பட்டிருந்தது.

எங்கள் இருபதாவது கல்யாண நாளைக்கு வில்லியனூர் ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ அது. ஒரே ஒரு பிரதிதான் போட்டோம். பீரோவில், என் சம்பளச் சீட்டுகள் இருக்கும் அதே கவருக்குள் இருந்தது. பீரோ சாவி எங்கே தொங்குகிறது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

திரும்பிப் பார்த்தேன். ஆண்டனி கறிச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தண்ணீர் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

மணிபாரதி குரலைத் தணித்தான். அன்றைக்குத்தான் அவன் முதல் முறையாகத் தணிந்து பேசினான்.

"அக்கா, பாக்கி ஒரு லட்சத்து எம்பத்தாறாயிரம். மொத்தமா வேணாம். மாசம் ஆறாயிரம் கட்றன்னு இந்த லெட்டர்ல ஒரு கையெழுத்து போடுங்க. இப்ப ஒரு ரெண்டாயிரம் குடுங்க. சாவிய வாங்கிக்கோங்க. நாங்க இந்தத் தெரு பக்கமே வரல."

"கையெழுத்து என்னுது இல்லன்னா?"

"அப்டி எழுதிக் குடுத்தா உங்க பேர எடுத்துடுவாங்க. ஆனா போட்டது யாருன்னு போலீஸ் கேக்கும். போட்டவங்க உள்ள போவணும்." அவன் என்னைப் பார்க்கவில்லை. குழாயடியைப் பார்த்தான். "யோசிச்சுக்கோங்கக்கா. குடும்பம்."

அவனுக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கும். என் சம்பளம் பதினாலாயிரம். அதில் ஆறாயிரம் போனால் மகள் படிப்பு நிற்கும். கையெழுத்துப் போடாவிட்டால் இவர் ஜெயிலுக்குப் போவார். நடுவில் நான் நின்றேன். இன்னொருவன் கார் ஓட்டினதற்கு.

நான் ஆண்டனியின் முன்னால் போய் நின்றேன். அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு மூலையில், இவர் ஏதாவது சொல்லி இதை இல்லை என்று ஆக்கிவிடுவார் என்று ஆசை இருந்தது. அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

"இன்னாங்க, அது யாரு போட்ட கையெழுத்து?"

அவர் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். தெருவைப் பார்த்தார். பிறகு, "நீதானம்மா போட்ட" என்றார். "மறந்துட்டியா? மாதா கோயில் ஃபீஸ்ட் அன்னிக்கு. அரிகரன் வந்திருந்தான் இல்ல."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் குடித்துவிட்டு வந்திருக்கிறார், சம்பளத்தைத் தொலைத்திருக்கிறார், என் அம்மா சாவுக்குத் தாமதமாக வந்திருக்கிறார். எதற்கும் என் மனசு இப்படி விட்டுப்போனதில்லை. தப்பு செய்தது இருக்கட்டும். அதை இத்தனை பேர் முன்னால் என் தலையில் வைத்துவிட்டாரே.

மணிபாரதியிடம் போய் அந்த லெட்டரையும் பேனாவையும் கேட்டேன். அவன் சட்டென்று நீட்டினான். பேனாவின் மூடியைக்கூட அவனே கழற்றிக் கொடுத்தான். வேலம்மாள் அங்கிருந்தே, "அடியே, போடாதடி" என்றாள். நான் காகிதத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். அப்படியே ஆண்டனியிடம் நீட்டினேன்.

"இப்ப நீ எழுது."

"இன்னாத்த?"

"என் பேர. அன்னிக்கு எழுதுன மாதிரியே எழுது."

அவரை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல் முறை. அவர் பேனாவை வாங்கினார். காகிதத்தைத் தொடையில் வைத்தார். ஈரக் கை பட்டுக் காகிதம் நனைந்தது. பேனா முனை காகிதத்தில் பட்டபடியே நின்றது.

"நான்தான் போட்டன்" என்றார், காகிதத்தைப் பார்த்து.

"சத்தமா சொல்லு."

"நான்தான் போட்டன். ஜாமீனுக்கு சம்பள சீட்டு வேணும்னான். என்னுது ஏது? உன்கிட்ட கேட்டா வேணாம்னுவ. அதான் கேக்கல."

"எவ்ளோ வாங்குன அவன்கிட்ட?"

"ஒண்ணும் வாங்கல. ஃப்ரெண்டு."

பத்தாயிரம் வாங்கினேன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இந்த மனிதர் என்னைச் சும்மா கொடுத்திருக்கிறார்.

மணிபாரதி முன்னால் வந்தான். "அக்கா, இது குடும்பப் பேச்சு. எனக்கு எதுவும் கேக்கல. நீங்க கையெழுத்த போடுங்க. எல்லாருக்கும் நல்லது."

"உனக்கு கேக்கலன்னா போவட்டும். வேலம்மா, உனக்கு கேட்டுச்சா?"

வேலம்மாள் ஒரு நிமிடம் யோசித்தாள். தன் வீட்டு விலாசத்தில் இருக்கிற லாரியை நினைத்தாளோ என்னவோ, முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் சொன்னாள். "தெருவுக்கே கேட்டுது."

நான் தடியனிடம் கையை நீட்டினேன். "சாவி. வண்டி என் பேர்ல இருக்குது. கடன் முடிஞ்சி ஆர்.சி. உள்ள இருக்குது. ஸ்டேஷன்ல சொல்ட்டுதான வந்தீங்க? வா, சேந்தே போலாம். அங்க வந்து எடுத்துக்க."

மணிபாரதி தன் பைக்கைப் பார்த்தான். அவர்கள் ஸ்டேஷனில் எதுவும் சொல்லிவிட்டு வரவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. தெரு ஆட்கள் இரண்டடி நெருங்கி வந்திருந்தார்கள். தடியன் இறங்கி, சாவியை என் கையில் வைத்தான். அப்போதுதான் அவன் குரலைக் கேட்டேன். "சாரிக்கா" என்றான். குழந்தைக் குரல்.

"வக்கீல் நோட்டீஸ் வரும்க்கா" என்று சொல்லிவிட்டு மணிபாரதி பைக்கை எடுத்தான். "உங்க பேர்லதான் வரும். நீங்க எழுதிக் குடுக்காத வரைக்கும் நீங்கதான் ஜாமீன்."

கூட்டம் கலைந்தது. ஆண்டனி அதே இடத்தில் நின்றார். "போய்ட்டானுங்க இல்ல" என்றார். "விடும்மா. நான் அரிகரன தேடிப் புடிக்கறன்."

நான் உள்ளே போய் ஆர்.சி. புத்தகம், ஆதார், கம்பெனி அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன். இரண்டு கையெழுத்துக்குக் காத்திருந்த அந்த ஈரக் காகிதத்தையும் மடித்து வைத்தேன். அதில் என் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

"எங்க போற?"

"ஸ்டேஷனுக்கு."

"என்ன உள்ள வச்சிடுவாங்க."

"தெரியும்."

அவர் கெஞ்சியிருந்தால் நான் இறங்கியிருப்பேன். அதை நினைத்துத்தான் நான் அவசரப்பட்டேன். ஆனால் அவர் கெஞ்சவில்லை. உள்ளே போய், கைலியை மாற்றி, பூசைக்குப் போட்டுக்கொண்டு வந்த சட்டையை மறுபடி போட்டு, பின்னால் வந்து உட்கார்ந்தார். ஏன் ஏறினார் என்று நான் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் பெண் ஏட்டு ஒருவர் இருந்தார். சாப்பாட்டு டப்பாவை மூடி ஓரமாக வைத்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். காரை, விலாசத்தை, இல்லாத மாடியை, ஸ்கூட்டியை எடுக்க வந்தவர்களை. கையெழுத்து என்னுடையது இல்லை என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் காகிதத்தை இழுத்துக்கொண்டார்.

"சரி, கையெழுத்து போட்டது யாரு? யாரு மேல எழுதணும்?"

வாயைத் திறந்தேன். காலையிலிருந்து தெருவே கேட்க அத்தனை பேசின எனக்குக் குரல் வரவில்லை. ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். பேர் தெரியாதா என்று கேட்டார். தெரியும் என்று தலையை ஆட்டினேன். மறுபடி முயற்சி செய்தேன்.

"மேடம்," என்றார் ஆண்டனி. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தார். "என் மேல எழுதுங்க. நான் இவங்க வூட்டுக்காரன்."