ஷிஹோ சொல்லாத பதில்

‘ஹகோபே’ பத்திரிகை நின்றுபோன மறுநாள் காலை, அதன் தொடர்கதை நாயகி ஷிஹோ எங்கள் ஊர் ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இளம்பெண்களுக்கான படக்கதை மாத இதழ் அது. அதன் கடைசிப் பக்கத்தில் எப்படி இருந்தாளோ அப்படியே, கறுப்பு வெள்ளையில், இடுப்பு வரை தொங்கும் கூந்தலோடு, வாயைப் பாதி திறந்தபடி இருந்தாள். தலைக்கு மேல் மிதந்த பேச்சுக் குமிழுக்குள் ஓர் எழுத்தும் இல்லை. என்னோடு ஒசாகாவுக்கு வருகிறாயா என்று காதலன் கேட்டிருந்தான். இவள் பதில் சொல்வதற்குள் பத்திரிகையை மூடிவிட்டார்கள். நிலைய அதிகாரி கஜிதானி டிக்கெட் கேட்டுப் பார்த்தார். யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்று தீர்மானித்துத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

இத்தனை ஊர் இருக்க அவள் இங்கே வந்தது ஏன் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் கணவாய் மீன் காயப்போடுகிறவள் முதல் வங்கியில் உட்கார்ந்திருப்பவள் வரை எல்லாப் பெண்களும் ‘ஹகோபே’ படித்தார்கள். வாங்கியவள் ஃபுசாயே ஒருத்திதான். அவளுடைய முடிதிருத்தும் கடைக்கு வரும் ஒரே பிரதி, சுருள் மாட்டிய தலைகளுக்குக் கீழே மாதம் முழுக்கச் சுற்றும். எந்தக் கதை பிடித்தது என்று எழுதிப் போட ஒவ்வொரு இதழிலும் ஓர் அஞ்சலட்டை இருக்கும். அந்த அட்டைகளை வைத்துத்தான் கதையும் பிழைக்கும், பத்திரிகையும் பிழைக்கும். கடைக்காரியின் புத்தகத்திலிருந்து அட்டையைக் கிழிப்பது மரியாதை இல்லை என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். அவர்களுக்காக வைத்த அட்டையைத் தான் எடுப்பது மரியாதை இல்லை என்று ஃபுசாயே நினைத்தாள். மற்ற ஊர்க் கடைகளிலும் இதே மரியாதைதான் நடந்திருக்க வேண்டும். இந்த மரியாதையிலேயே ஒரு பத்திரிகை போய்ச் சேர்ந்தது.

குளிர்காலத்தில் பெண்கள் ஷிஹோவுக்குக் கம்பளி போர்த்தினார்கள், பக்கத்தில் சோற்றுருண்டை வைத்தார்கள். வசந்தத்தில் அவளுடைய ஓரங்கள் பழைய தாளாக மஞ்சளித்தன. மழைக்காலத்தில் அவள் தோள் வழியாகப் பின்சுவரின் கால அட்டவணை தெரிய ஆரம்பித்தது. குமிழ் நிரம்பாவிட்டால் அழிந்தே போவாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஃபுசாயே கடையைச் சாத்திவிட்டு, கதையை வரைந்த ஹிராகாவைத் தேடி மத்ஸுயேவுக்குப் போனாள். ஹிராகா அங்கே சாப்பாட்டைப் பெட்டியில் கட்டி விற்கும் ஒரு கடையில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். வரைவதை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது என்றாள். தன் கதையை யாரும் படித்ததில்லை, ஒரு அட்டைகூட வந்ததில்லை என்றாள். ஃபுசாயே பையிலிருந்து கடைசி இதழை எடுத்து நீட்டினாள். பக்கங்கள் துவைத்த துணியாக நைந்திருந்தன. எங்கும் தலைச்சாயக் கறை, மீன் வாடை, அழுத இடங்களில் அலையலையாகச் சுருக்கம்.

“இது எத்தனை பேர் கை?” என்று கேட்டாள் ஹிராகா.

“ஊர்ல பாதிப் பேர் கைங்க. மீதிப் பாதி ஆம்பளைங்க, அவங்க படிக்கலைன்னு சொல்லிக்கிறாங்க” என்றாள் ஃபுசாயே. பிறகு தலை தாழ்த்தினாள். “ஷிஹோ மாமியார் வீட்டை விட்டுக் கிளம்பின மாசந்தான் நானும் கிளம்பி என் கடையைப் போட்டேன். உங்களுக்கு நன்றி சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன், சொல்லவே இல்ல.”

ஹிராகா அடுப்பை அணைத்துவிட்டு அந்த இதழை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். மறுநாள் ரயிலில் வந்து இறங்கியபோது நிலையம் முழுக்கப் பெண்கள். ஒவ்வொருத்தியும் ஷிஹோவால் தனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிக் குனிந்து வணங்கினாள். ஹிராகாவும் பதிலுக்குக் குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொள்ள, பெஞ்சில் உட்கார்ந்தாள். ஷிஹோவின் பதில் தனக்கும் தெரியாது என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டாள். நீளக் கூந்தல்தான் விற்கும் என்று பத்திரிகை ஆசிரியர் அடம்பிடித்ததால், அதை இழை இழையாக வரைந்தே தன் மணிக்கட்டு போனதையும் சொன்னாள். சுற்றி நின்ற, ஃபுசாயே வெட்டிவிட்ட குட்டைமுடித் தலைகளைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்துக் குமிழுக்குள் எழுதினாள்: “நான் வரல. முதல்ல முடி வெட்டிக்கணும்.”

ஷிஹோவின் வாய் மூடியது. எழுந்து, எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, நேராக ஃபுசாயே கடைக்கு நடந்தாள். காதளவுக்கு வெட்டிக்கொண்டு, சாயங்கால வண்டியில் ஒசாகாவுக்கு எதிர்த்திசையில் போனாள். கஜிதானி அவளுடைய கறுப்பு வெள்ளை டிக்கெட்டிலும் வழக்கம்போலத் துளை போட்டார். ஹிராகா கடை மாடியில் வாடகைக்கு வந்து மறுபடி வரைகிறாள், எல்லாம் குட்டைமுடிக்காரிகள். எந்தப் பத்திரிகை வந்தாலும் ஃபுசாயே முதலில் அட்டையைக் கிழித்து, எழுதாமல் யாரையும் நாற்காலியிலிருந்து எழவிடுவதில்லை. கடையைப் பெருக்கும்போது மூலையிலிருந்து இன்னும் ஷிஹோ கூந்தலின் மைக்கோடு ஒன்றிரண்டு வருகிறது. அவற்றை மட்டும் அவள் குப்பையில் போடாமல் மாடிக்கு அனுப்பிவிடுகிறாள். புருவம் வரைய உதவுகிறதாம்.