சத்தமுள்ள கீபோர்டு

மாமியாரின் தொண்டையில் இருந்த சிறு கட்டியை எடுத்துவிட்டு, ஆறு வாரம் பேசக்கூடாது என்றார் டாக்டர். கிசுகிசுப்பதும் கூடாது, அது பேசுவதைவிட மோசம் என்று விளக்கினார். அதன் பிறகு மருமகளை மட்டும் வராந்தாவுக்கு அழைத்துப் போய் இரண்டு நிமிடம் பேசினார். மருமகள் திரும்பி வந்து, "ஒண்ணுமில்ல அத்தை. ஆறு வாரத்துல பழையபடி ஆயிடுமாம்" என்றாள்.

மாமியார் முப்பத்தோரு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை காலத்தில் கையால் எழுதியது பெரும்பாலும் கையெழுத்து மட்டுமே. முதல் நான்கு நாள் நோட்டில் எழுதிக் காட்டினார். ஒருமுறை அவர் எழுதியதைக் 'கண்ணாடி' என்று படித்து, மருமகள் மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்தாள். அவர் கேட்டது தண்ணீர். அரை மணி கழித்து அதே பக்கத்தைப் பார்த்த மாமியாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை.

அடுத்தது டேப்லெட். அடித்ததைச் சத்தமாகப் படித்துச் சொல்லும் செயலி ஒன்றை, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் அதில் போட்டுக் கொடுத்திருந்தான். ஆனால் மாமியாருக்கு விரல்களை வைக்க இடம் வேண்டும். பத்து விரலையும் திரையில் வைத்தார். கேட்காமலேயே பத்து எழுத்து விழுந்தது. கோபத்தில் ஓங்கித் தட்டினார். டேப்லெட்டே மேசையிலிருந்து விழுந்தது. உடையவில்லை. ஆனாலும் அன்று மாலை இருவரும் கீபோர்டு வாங்கக் கிளம்பினார்கள்.

வாங்குவது எல்லாவற்றுக்குமாக ஒன்றாக இருக்கட்டும் என்பது மருமகளின் எண்ணம். அவள் வெந்நீர் ஹீட்டர் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தாள். வாடிக்கையாளர்களின் புகார்களுக்குத் தமிழில் பதில் எழுதும் வேலை. கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் ஒரு விசை இறங்கினால் ஏறாது. வேறு லேப்டாப் கேட்டு நாலு மாதம் ஆகியிருந்தது. இது போக, மகனுக்குக் கடிதம் எழுத மாமியார் பயன்படுத்தும் மேசைக் கணினி ஒன்றும் இருந்தது. மூன்றும் மூன்று ஜாதி. ஒன்றின் வழி மற்றதற்குத் தெரியாது. நல்லவேளையாக மாமியார் மருமகள் இருவரும் பழைய தட்டச்சு முறையில் பழகியவர்கள். குடும்பத்தில் தகராறில்லாமல் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

கடைக்கு லேப்டாப்பையும் டேப்லெட்டையும் பையில் எடுத்துப் போனார்கள். மேசைக் கணினியைத் தூக்க முடியாததால் அதன் முதுகைப் போட்டோ எடுத்துக்கொண்டாள் மருமகள்.

"எந்த சிஸ்டத்துக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"மூணுக்கும்."

"மூணும் ஒரே மாதிரியா?"

"ஒண்ணுக்கொண்ணு ஆகாது."

முதலில் காட்டியது, சின்னத் துண்டு ஒன்றைச் செருகினால் வேலை செய்யும் கீபோர்டு. டேப்லெட்டில் அதைச் செருக ஓட்டையே இல்லை. இரண்டாவது, நான்காக மடிந்து பாக்கெட்டுக்குள் போகும் ரப்பர் கீபோர்டு. மாமியார் அதில் ஒரு வரி அடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவதில் மேல் வரிசையில் 1, 2, 3 என்று மூன்று பொத்தான்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெஷினைப் பழக்கிவிட்டால், எந்த எண்ணை அமுக்குகிறோமோ அந்த மெஷினில் எழுத்து விழும்.

"தமிழ் வருமா இதுல?" என்றாள் மருமகள்.

"கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாதும்மா. எந்த விசைய அமுக்கினீங்கன்னு மட்டும்தான் சொல்லும். அதை என்ன எழுத்தா எடுத்துக்கறதுங்கறது மெஷினோட பொறுப்பு. மூணுலயும் உங்க முறைய ஒருதடவை போட்டு வச்சிட்டீங்கன்னா முடிஞ்சது. வாங்கறதுக்கு முன்னாடி இங்கயே போட்டுப் பாத்துருங்க. வீட்டுக்குப் போய் வரலன்னா என்னைத் திட்டுவீங்க."

போட்டுப் பார்த்தார்கள். மாமியார் டேப்லெட்டில் அடித்தார். இளம்பெண் குரல் ஒன்று பணிவாக, "சாட்சி தெளிவாகப் பேசுகிறார்" என்றது. கடைக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

அதே கீபோர்டு இரண்டு வகையில் இருந்தது. ஒன்று சத்தமே வராது. மற்றது படபடவென்று அடிக்கும். வாடிக்கையாளர்களோடு போனிலும் பேச வேண்டியிருந்ததால், மருமகள் சத்தமில்லாததை எடுத்தாள். மாமியார் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அடித்தார்.

"மேற்படி கீபோர்டுக்கும் சத்தம் இல்லை. எனக்கும் சத்தம் இல்லை. வீட்டில் நான் இருப்பது பிறகு யாருக்குத் தெரியும்?"

மருமகள் மற்றதை வாங்கினாள்.

டேப்லெட்டுக்கு ஒன்றாம் எண், மேசைக் கணினிக்கு இரண்டு, லேப்டாப்புக்கு மூன்று என்று வைத்துக்கொண்டார்கள். மாமியாருக்கு விரல் வழியாக நீதிமன்றத் தமிழ்தான் வந்தது. "மேற்படி குக்கர் மூன்று முறை விசில் அடித்துவிட்டது. எதிர்த்தரப்பினர் இன்னும் எழவில்லை" என்று கூடத்திலிருந்து குரல் வரும். எதிர்த்தரப்பினர் எழுந்து போய் அடுப்பை அணைப்பாள். அந்தக் குரலுக்குக் கோபம் வராது என்பதால், அதோடு சண்டை போட அவளால் முடியவில்லை.

பத்தொன்பதாம் நாள் மதியம் மருமகள் அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாடிக்கையாளரோடு எழுத்தில் உரையாடல் ஓடிக்கொண்டிருந்தது. அவளும் கூடப் பணிபுரிகிறவர்களும் அவருக்குப் பச்சைத்தண்ணிக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஹீட்டர் ஒரு மாதமாகச் சூடாகவில்லை. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஆள் வருவார் என்று அவருக்கு ஒன்பது முறை எழுதியாகிவிட்டது. அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள். பத்தாவது முறை எழுதுவதற்குள் மேலாளர் போனில் அழைத்தார். அவள் பேசிக்கொண்டிருக்கையில் மாமியார் வந்து கீபோர்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். ஒன்றாம் எண்ணை அமுக்க மறந்துவிட்டார். தாளைப் பார்த்தே அடித்துப் பழகியவர். திரையைப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. வரி முடிந்ததும் அடுத்த வரிக்குப் போகும் விசையைத் தட்டுவார். தட்டத் தட்ட ஒவ்வொரு வரியும் பச்சைத்தண்ணிக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது.

"நீ சொன்னது உண்மைக்குப் புறம்பானது என்று எனக்கு முதல் நாளே தெரியும்."

"சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று இனியும் சொல்ல வேண்டாம்."

"ஆகாது என்றால் ஆகாது என்று சொல். மேற்படி விஷயத்தில் நான் அழமாட்டேன்."

மருமகள் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், திரையில் அந்த வரிகளுக்குக் கீழே பச்சைத்தண்ணிக்காரரின் பதில் வந்திருந்தது.

"இதெல்லாம் நான் உங்களுக்கு எழுத வேண்டியதுங்க. நீங்க ஏன் எனக்கு எழுதறீங்க?"

அவள் எழுந்து கூடத்துக்குப் போனாள். மாமியார் டேப்லெட்டின் குரலுக்காகக் காத்திருந்தார். மருமகள் குனிந்து ஒன்றாம் எண்ணை அமுக்கினாள்.

"என்ன பொய் சொன்னேன் அத்தை?"

மாமியார் அடித்தார். "வராந்தாவில் டாக்டர் சொன்னதைக் கேட்டேன். பழைய குரல் வராமல் போகலாம் என்றார். எனக்குப் பேசத்தான் தடை. கேட்கத் தடை இல்லை."

மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க பையன்கிட்டகூடச் சொல்லல."

கீபோர்டு மெதுவாக, விசை விசையாக ஒலித்தது.

"எனக்குப் பயமாக இருக்கிறது" என்றது குரல், குக்கரைப் பற்றிச் சொன்ன அதே பணிவோடு.

"எனக்குந்தான் அத்தை" என்றாள் மருமகள்.

உள்ளே லேப்டாப் இரண்டு முறை மணி அடித்தது. மருமகள் கீபோர்டைக் கேட்டு வாங்கி உள்ளே போய், மூன்றை அமுக்கி எழுதினாள். உங்கள் ஹீட்டருக்கான பாகம் எங்களிடம் இல்லை, வர மூன்று வாரம் ஆகும், இதுவரை நான் எழுதியது தவறு, மன்னிக்கவும். பச்சைத்தண்ணிக்காரர் உடனே பதில் போட்டார்.

"சரிங்க. மூணு வாரம்னா அடுப்புல வச்சுக்கறேன். இதை முன்னாடியே சொல்லியிருந்தா உங்களுக்கும் டைப் பண்ற வேலை மிச்சம்."

கம்பெனியில் அவளிடம் விளக்கம் கேட்டார்கள். விளக்கத்தை மாமியார் அடித்துக் கொடுத்தார். ஒன்றரைப் பக்கம், பத்தி பத்தியாக எண் போட்டிருந்தது. அதைப் படித்த பிறகு மேலாளர் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆறு வாரம் முடிந்ததும் டாக்டர், "ஆ சொல்லுங்க" என்றார். கனமான பீரோவைத் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. மாமியார் வாயை மூடிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் தேறலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இந்த முறை இருவர் முன்னிலையிலும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மகன் போனில் அழைத்தான். மருமகள் அவனிடம் முன்பே விஷயத்தைச் சொல்லியிருந்தாள். சொல்வது வேறு, காதால் கேட்பது வேறு. மாமியார் போனை வாங்கி, "எப்படிடா இருக்க?" என்றார்.

"யாருங்க பேசறது?"

"அம்மா."

"போனை அம்மாகிட்ட குடுங்க."

"நான்தான்டா அம்மா."

மாமியார் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்றான் கடைசியில்.

"ஆச்சு."

"என்ன சாப்பிட்ட?"

சொன்னார். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் போனை வைத்துவிடுகிறவன், காலையில் என்ன சாப்பிட்டாய், நேற்று என்ன, முந்தாநாள் என்ன என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மாமியாரும் ஞாபகப்படுத்தி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.