நாக்கில் ஏறிய காரம்

ஆஸ்பத்திரி சமையலறையில் அடுப்பு என் மனைவியின் பொறுப்பு. நான் அங்கேயே வேன் ஓட்டுகிறேன். போன வருஷம் அவளுக்கு வந்த காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது. போகும்போது மணத்தையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. தேனும் மண்ணும் அவளுக்கு ஒன்றுதான்.

ஒளித்து வைக்க அவளுக்குத் தெரியாது. நேராக மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் நோயாளிகள் சாப்பிடுகிற சாப்பாடு. "கொஞ்ச நாள் காய் நறுக்கும்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்தால் காப்பிப் பொடி டப்பாவைத் திறந்து திறந்து மோந்து பார்ப்பாள்.

ஒரு நாள் இஞ்சித் தோல் சீவும்போது ஒரு துண்டைக் கடித்துப் பார்த்திருக்கிறாள். வேன் நிற்கும் இடத்துக்கே ஓடி வந்தாள்.

"ஏங்க, சுரீர்னுச்சுங்க!"

"என்னது?"

"இஞ்சி! வாசனை இல்ல, ருசி இல்ல. காரம் மட்டும் நாக்குல ஏறுது!"

கண் நிறையத் தண்ணீர். காரமா அழுகையா, எனக்குப் புரியவில்லை.

அன்று முதல் தினமும் ஒரு துண்டு. முற்றல், இளசு, நார் ஓடியது, வெட்டி வைத்து வாடியது என்று எது எவ்வளவு கடிக்கும் என்பதை நாக்காலேயே படித்து வைத்தாள்.

அடுத்த மாதம் இஞ்சி சூப் திரும்பி வர ஆரம்பித்தது. சாப்பாடு இறங்காதவர்களுக்குக் கொடுப்பது அது. கிண்ணம் கிண்ணமாக மிச்சம். அவள் இடத்துக்கு வந்திருந்த சமையல்காரர் மேலாளர் முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அளவு அதேதான் சார். மணமும் கும்முனு இருக்கு. சப்புனு இருக்குன்னு சொல்றாங்க."

"ஒரு கரண்டி குடுங்கண்ணே" என்று போனாள் இவள்.

"உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதேம்மா" என்றார் மேலாளர்.

"குடுக்கச் சொல்லுங்க சார்."

வாயில் வைத்தாள். "உறைக்கவே இல்லையே. புது மூட்டை இளம் இஞ்சி சார்." மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து நகத்தால் லேசாகச் சுரண்டினாள், தோல் உரிந்து வந்துவிட்டது. "மணக்கும், கடிக்காது. ரெண்டு மடங்கு போடணும். பாதியை இடிச்சுச் சாறு பிழிஞ்சு, இறக்குறப்ப ஊத்தணும்."

மேலாளர் லேசில் நம்புகிறவர் இல்லை. ஐந்து கிண்ணத்தில் இஞ்சிச் சாற்றைக் கூட்டிக் குறைத்துக் கலந்து, காரப்படி அவளை வரிசைப்படுத்தச் சொன்னார். சமையலறையே வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றது. நானும்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. பாத்திரம் கழுவுகிற அம்மா ஈரக் கையோடு கைதட்ட, என் சட்டையெல்லாம் நுரை.

அன்று மதியம் அவள் சொன்னபடியே வைத்தார்கள். கிண்ணங்கள் காலியாக வந்தன.

"நாளையிலேர்ந்து அடுப்புக்கு வந்துரும்மா."

"வர்றேன் சார். உப்பை அண்ணன் பாக்கட்டும். காரத்தை நான் பாத்துக்கறேன்."

அவளுக்கு மணம் இன்னும் திரும்பவில்லை. ஆனால் வேனில் ஏறுகிற யாராவது சூப் நல்லா இருந்தது என்றால் போதும், கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன்: "வெச்சது என் பொண்டாட்டி!"