அவள் குரலுக்கு ஏறும் எண்

“ஏங்க” என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, கட்டிலுக்கு மேலே திரையில் எண் ஏற ஆரம்பித்துவிட்டது. பதினான்கு, பதினேழு, இருபத்திரண்டு. மணி அடித்தது. நர்ஸ் ஓடிவந்து உதட்டில் விரல் வைத்தாள்.

“அக்கா, தயவு செஞ்சு பேசாதீங்க.”

கட்டிலில் கிடந்த அவள் புருஷன் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். தலைக்கட்டுக்குள்ளிருந்து மெல்லிய கம்பி ஒன்று அந்தத் திரைக்குப் போனது. டாக்டர் முதல் நாளே விளக்கிவிட்டார். “உள்ள மூளை வீங்கியிருக்கும்மா. மண்டை ஓடு விரிஞ்சு குடுக்காது. அழுத்தம் எவ்வளவுன்னு இந்தக் கம்பி சொல்லும். ரொம்ப ஏறினா உயிருக்கே ஆபத்து. அதான் மருந்து குடுத்துத் தூங்க வெச்சிருக்கோம்.”

யாரிடம் போய்ச் சொன்னார்கள் பேசாதே என்று! அவள் தையற்காரி. மிஷின் ஓடும்போதும் வாய் ஓடும், மிஷின் நின்ற பிறகும் ஓடும். “உன் பேச்சக் கேட்டே ஒரு நாள் என் மண்டை வெடிக்கப் போகுது பாரு” என்பான் அவன். அவளும் சிரிப்பாள்.

நாத்தனார் வந்தாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், புலம்பினாள், மூக்கைச் சிந்தினாள். எண் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“நீங்க பேசினாத்தான் ஏறுது அண்ணி” என்றாள் போகும்போது. குத்தலாகச் சொன்னாளா, வெள்ளந்தியாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. பாவி, எப்படிச் சொன்னாலும் சுடத்தானே செய்தது.

அதன் பிறகு அவள் ஊமையானாள். பகல் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். திரைச்சீலை வழியாக வெயில் பால் நிறத்தில் இறங்கும். மூச்சு இயந்திரம் ஊதும், நிறுத்தும், ஊதும். அந்தச் சத்தத்திலேயே கண் சொக்கிப்போகும். அப்போதெல்லாம் அவன் தலைக்குள் போய்விடுவாள். அது ஒரு சின்ன அறை. சுவரில் பெயிண்ட் காயவில்லை, ஜன்னல் திறக்க வரவில்லை. அவன் ஸ்டூல்மேல் நின்று கூரைக்குப் பூசிக்கொண்டிருப்பான். அவள் வாயைத் திறந்தால் பேச்சுக்குப் பதில் துணி வரும். கஜம் கஜமாக வந்து அறையை அடைக்கும். அவன் திரும்பிப் பார்க்காமலே, “கொஞ்சம் தள்ளிக்கோம்மா, எடம் இல்ல” என்பான். அவள் துணியை மறுபடி வாய்க்குள் திணித்துக்கொள்வாள். விழிக்கும்போது நாக்கு வறண்டிருக்கும்.

வீக்கம் வடிந்தது. எண் பத்துக்குக் கீழே இறங்கியது. தூக்க மருந்தை நிறுத்தினார்கள். ஆனால் அவன் எழவில்லை. டாக்டர் தோளைத் தட்டிக் கூப்பிட்டார். நர்ஸ் கூப்பிட்டாள். நாத்தனார் தொண்டை கிழியக் கத்தினாள். மரக்கட்டைபோல் கிடந்தான்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். “நீங்க கூப்பிடுங்கம்மா.”

“வேணாம் சார். ஏறிடும். நானே அவரக் கொன்ன மாதிரி ஆயிடும்.”

“இப்ப கொஞ்சம் ஏறினாத் தாங்கும். நான் பக்கத்துலயே இருக்கேன். பேசுங்க.”

அவள் குனிந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. அத்தனை நாளும் வாயைக் கட்டியதில் எல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டன. அழுகைதான் முட்டியது. பிறகு ஏதோ ஒன்று வந்தது.

“ஏங்க... மாடி வீட்டுக்காரம்மா மறுபடியும் நம்ம கொடியிலயே துணி காயப்போடுறாங்க. நான் சொன்னா, அவங்க வீட்டுக்காரர் சண்டைக்கு வர்றாரு. நீங்க வந்து என்னன்னு கேளுங்க.”

பத்து. பதிமூன்று. நர்ஸின் கை தானாக மணியை நிறுத்தும் பொத்தானுக்குப் போய் அங்கேயே நின்றது. பதினாறு.

அவன் புருவங்களுக்கு நடுவில் தோல் லேசாகக் கூடியது. ஒற்றைக் கோடு. போதும் நிறுத்து என்று வாயால் சொல்வதற்கு முன்னால் எப்போதும் அங்கே விழுகிற அதே கோடு.

கண்ணீரைத் துடைக்கக்கூட மறந்து, அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே பேச ஆரம்பித்தாள்.