ஒரே வீட்டு மாடு

பசுவின் காதைத் தூக்கிப் பிடித்து, மஞ்சள் வில்லையில் இருந்த எண்ணைப் படிக்க முயன்றபோது அதன் சூடு வேல்விழியின் உள்ளங்கையில் ஏறியது. பன்னிரண்டு இலக்கங்கள். ஏழாவது ஒன்றா, ஏழா என்று தெரியவில்லை. காய்ந்த சாணியைக் கட்டைவிரலால் சுரண்டினாள். பசு தலையை உதறவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. நல்ல நாளில் பவுனு காதில் கைவைக்க விடாது. கயிற்றைப் பிடித்திருக்கும் உதவியாளர் இசக்கிதுரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இன்று கழுத்திலிருந்து தொடைவரை நெல்லிக்காய் அளவு கட்டிகளோடு, மூக்கில் சளி ஒழுக, நான்கு காலும் வீங்கி, யாரும் எதுவும் செய்துகொள்ளுங்கள் என்பதுபோல நின்றது.

இந்தச் சூடு வேல்விழிக்கு ஏற்கெனவே தெரியும். பதினாறு நாட்களுக்கு முன், நெஞ்சளவு உயரமுள்ள இந்தத் தொழுவச் சுவருக்கு அந்தப் பக்கம், வேறொரு பசுவின் காதில்.

"நூத்தி அஞ்சரை மேடம்" என்றார் இசக்கிதுரை, தெர்மாமீட்டரை வெளிச்சத்துக்குத் திருப்பி.

மாட்டுக்குச் சொந்தக்காரி குருவம்மாள் அம்மியை விட்டு எழுந்து வந்தாள். வெற்றிலையும் மிளகும் உப்பும் வெல்லமும் சேர்த்து அரைத்த உருண்டை கையில் இருந்தது. பசுவின் வாயைத் திறந்து நாக்கில் தடவினாள். பாதி கீழே விழுந்தது. குனிந்து பொறுக்க அவள் முழங்கால் விடவில்லை.

"பொழைச்சுக்கிடுமா டாக்டரம்மா?"

வேல்விழி டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளர். டாக்டர் காலையில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். இந்த இருபது வருடத்தில் அதைத் திருத்திச் சொல்வதை எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

"தின்னுச்சுன்னா பொழைச்சிரும்க்கா. கஞ்சித் தண்ணியாவது உள்ள போணும்."

"எல்லாம் அவளால வந்தது." குருவம்மாள் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். "மாட்டுக்கு மேலுக்குச் சொகமில்லன்னு ஒரு வார்த்த சொன்னாளா? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தா? இப்ப பாருங்க, அவ மாடு எந்திரிச்சு நின்னு அசை போடுது. எம் மாடு சீரழியுது."

சுவருக்கு அந்தப் பக்கம் சாணி அள்ளும் தகரம் தரையில் உரசிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்கியது.

அந்தப் பக்கத்து இராமலட்சுமி, குருவம்மாளின் ஓரகத்தி. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது ஒரே தொழுவத்தின் நடுவில் எழுந்த சுவர் அது. கதவு வைக்கவில்லை. அதனாலேயே எல்லாம் சுவருக்கு மேலாகப் போய்வந்தது: காப்பி டம்ளர், மீன் குழம்பு, பிறகு ஒருநாள் அண்ணன் செத்த செய்தி. குருவம்மாளுக்கு முழங்கால் போன பிறகு இராமலட்சுமிதான் கால்வாய்க் கரையில் இரண்டு மாட்டுக்கும் புல் அறுத்தாள். ஒரு புல்கட்டைச் சுவருக்கு மேலே தூக்கி இந்தப் பக்கம் போடுவாள். பதிலுக்கு இரண்டு மாட்டையும் குருவம்மாள்தான் கறந்தாள். இராமலட்சுமியின் கைக்கு மாடு பால் இறக்காது. பதினோரு வருடமாக அப்படித்தான். வடகரைப் பக்கம் எத்தனையோ தொழுவங்களில் ஏறி இறங்கிய வேல்விழிக்கு இந்த ஏற்பாட்டின் மேல் ஒரு பொறாமைகூட உண்டு. அவளுடைய காப்பியை அவளேதான் போட்டுக் குடிக்க வேண்டும். கணவன் சுந்தரபாண்டியன் தூத்துக்குடியில் போலீஸ் வேலையில் இருந்தான். மகள் சென்னையில் படித்தாள்.

பதினாறு நாட்களுக்கு முன் தடுப்பூசி முகாமின் கடைசி நாள். அச்சன்புதூரில் காலை ஆறரைக்குத் தொடங்கி, மாலை ஐந்துக்கு இந்தத் தெருவுக்கு வந்தபோது எண்பத்தேழு மாடுகள் முடிந்திருந்தன. தோல் கழலை நோய்க்கான மருந்து ஐஸ் பெட்டியில் போதுமான அளவு இருந்தது. ஊசிதான் ஒன்றே ஒன்று. மாட்டுக்கு ஒரு ஊசி என்பது விதி. அடுத்த பாக்கெட்டைக் கால்நடை நிலையத்து மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். வண்டியில் போய்வர அரைமணி நேரம் ஆகும். சாரல் விழுந்துகொண்டிருந்தது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. பதிவேற்றாத எண்கள் முப்பதுக்கு மேல் போனில் காத்திருந்தன.

"ஒண்ணுதான் இருக்கு மேடம். ரெண்டு மாடு" என்றார் இசக்கிதுரை.

முதலில் இராமலட்சுமியின் மாடு. வில்லையைப் படிக்கக் காதைப் பிடித்தாள். சுட்டது. சுட்டது என்று கைக்குத் தெரிந்தது, அவளுக்குத்தான் தெரியவில்லை. தகரக் கூரைக்குக் கீழே நிற்கிற மாடு, வெயில் காலத்துச் சூடு இன்னும் தங்கியிருக்கிறது என்று நினைத்தாள். சாரல் விழுகிற நாளில் அப்படி நினைத்தாள். காய்ச்சல் உள்ள மாட்டுக்குத் தடுப்பூசி போடக்கூடாது என்று அவளே பத்து வருடமாக மற்றவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறாள். ஊசியை இறக்கினாள். வெளியே எடுத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு துடைப்பு.

"ரெண்டும் ஒரே வீட்டு மாடுதானே" என்று சொன்னாள். சொன்னது தெளிவாக நினைவிருக்கிறது. பிறகு சுவரைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து அதே ஊசியைப் பவுனுக்குப் போட்டாள்.

மூன்றாம் நாள் அந்த மாட்டின் மேல் கட்டிகள் கிளம்பின. பன்னிரண்டாம் நாள் இதற்கு.

பவுனைப் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம் நிலையத்தில் உட்கார்ந்து நோய்க்கிளர்ச்சிப் படிவத்தைப் போனில் நிரப்பினாள். உரிமையாளர் பெயர், வயது, ஈற்று, தடுப்பூசி போட்ட தேதி. கடைசிக்கு முந்திய கட்டம்: தொற்று வந்த வழி. தொட்டால் ஒரு பட்டியல் விரியும். ஈ, கொசு, உண்ணி. புதிதாக வாங்கிய மாடு. மேய்ச்சல். அண்டைத் தொழுவம். தெரியவில்லை. பட்டியலில் ஊசி இல்லை. அவள் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள், எங்காவது ஒளிந்திருக்கும் என்பதுபோல. இல்லாததில் ஒரு ஆறுதல் வந்தது. அந்த ஆறுதல் வந்ததுதான் அவளை அதிகம் கூச வைத்தது. ஈயாகவும் இருக்கலாம். இந்தச் சாரலுக்கு ஈயும் கொசுவும் மொய்க்கின்றன, நெஞ்சளவுச் சுவர் அவற்றுக்கு ஒரு தடையா? இருக்கலாம். ஆனால் ஈக்குக் காய்ச்சல் தெரியாது. தனக்குக் கையில் தெரிந்தது.

அவள் சொன்னதைச் சுந்தரபாண்டியன் போனில் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஏட்டி, ஊருல இருக்கிற ஈ எல்லாம் விட்டுட்டு ஒன்னையவே நீ அக்யூஸ்ட் ஆக்குதியா?"

"காது சுட்டுச்சுங்க."

"சுட்டுச்சு, சரி. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவனுக்குப் பின்னால் யாரோ யாரையோ அதட்டுகிற சத்தம் கேட்டது. "எழுத்துல ஒண்ணும் குடுத்துராத. இன்னும் பதினாலு வருச சர்வீஸ் கெடக்கு" என்றான். "சாப்பிட்டியா?"

அவள் 'அண்டைத் தொழுவம்' என்பதைத் தொட்டாள். பொய் இல்லை. அனுப்பியும்விட்டாள். பிறகு நெடுநேரம், குருவம்மாள் சுவரைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தையைத்தான் தானும் இப்போது வேறு மொழியில் எழுதியிருக்கிறோம் என்ற நினைப்பு போகவில்லை.

மறுநாளிலிருந்து கட்டுப்பாட்டு வேலைகள். இரண்டு தொழுவத்துக்கும் மருந்து தெளித்தார்கள். புகை போடச் சொன்னாள். சுவருக்கு மேலாக எதுவும் வரக்கூடாது என்று இரண்டு பெண்களிடமும் தனித்தனியாகச் சொன்னாள்: "புல்லு, கயிறு, வாளி, ஆளு, ஒண்ணும். கட்டி உடைஞ்சு பொருக்கு உதிரும். அதுல நோய் ஒரு மாசத்துக்கு மேல உசுரோட கெடக்கும்." பவுனின் நான்கு மாதக் கிடாரிக் கன்றுக்கு அதுவரை எதுவும் வரவில்லை. அதைத் தொழுவத்தின் இன்னொரு மூலையில், கொசுவலைக்குள் கட்டினார்கள். இராமலட்சுமி தலையாட்டினாள். குருவம்மாளோ, "அவ கை பட்ட புல்ல இனி யாரு தொடுவா?" என்றாள். ஆக, நோயைப் பிரித்து வைக்க வேல்விழி சொன்ன வார்த்தையும் குருவம்மாளின் கோபமும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன.

ஆனாலும் தினமும் காலையில் சுவரோரம் ஒரு புல்கட்டு கிடந்தது. குருவம்மாள் அதைக் கம்பால் தள்ளித் தள்ளி ஒரு ஓரத்தில் குவித்தாள். கீழே கிடந்தவை பழுத்து மக்கின.

ஊசி போட்ட இருபத்திரண்டாம் நாள் விடிந்ததும் பவுனு செத்துப்போனது.

தென்னந்தோப்பின் கோடியில் பென்னியின் ஜேசிபி எட்டடி ஆழத்துக்குக் குழி தோண்டியது. சுண்ணாம்பும் உப்பும் மூட்டைகளில் வந்திறங்கின. இசக்கிதுரை கையுறையோடு, முழங்கால்வரை சுண்ணாம்போடு நின்றபோது ஒரு கார் தோப்போரம் நின்று கண்ணாடி இறங்கியது. உள்ளே துண்டும் ஷாம்புவுமாக ஒரு குடும்பம்.

"அண்ணே, ஐந்தருவிக்கு இப்படிப் போகலாமா?"

"போலாம் சார். தண்ணி நல்லா விழுது. எங்களுக்கும் சேத்துக் குளிச்சிட்டு வாங்க."

கண்ணாடி வேகமாக ஏறியது. பென்னி சிரித்துவிட்டு, குருவம்மாளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

குருவம்மாள் தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. தோப்பின் மறுகோடியில், வேலிக்கு அப்பால், இராமலட்சுமி முக்காடு போட்டு நின்றாள். அதற்குமேல் வரவில்லை, வரக்கூடாது என்று வேல்விழிதானே சொல்லியிருக்கிறாள். காது வில்லையைப் போட்டோ எடுக்க வேல்விழி கடைசியாக ஒருமுறை காதைத் தூக்கிப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. ஏழாவது இலக்கம் ஏழுதான்.

மண் மூடி எல்லோரும் கலைந்த பிறகு குருவம்மாளின் கூடவே நடந்தாள். முழங்காலுக்காக மெதுவாக நடக்க வேண்டியிருந்தது. சொல்லப்போவதை இரண்டு நாளாக மனத்துக்குள் வரிசைப்படுத்தியிருந்தாள். வாயைத் திறந்தபோது வரிசை இருக்கவில்லை.

"யக்கா. இராமலட்சுமியக்கா மேல தப்பில்ல. அன்னைக்கு எங்கிட்ட ஒரு ஊசிதான் இருந்துச்சு. அவங்க மாட்டுக்குப் போட்டதையே இதுக்கும் போட்டேன். அந்த மாட்டுக்கு அப்பவே காது சுட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சுது. நாந்தான்..."

குருவம்மாள் நின்றாள். வேல்விழி அடிக்காகக் காத்திருப்பவள்போல நின்றாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னால்கூட இந்தக் களைப்பு ஒரு இடத்தில் இறங்கி உட்காரும்.

"எனக்காகச் சொல்லாதிய டாக்டரம்மா" என்றாள் குருவம்மாள்.

"ஒங்களுக்காக இல்லக்கா..."

"தெரியும். நீங்க எரக்கப்பட்டவுக. நான் சொன்னத இசக்கிதுரை ஒங்ககிட்ட சொல்லிட்டானா?"

"எதக்கா?"

குருவம்மாள் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை மேலாகத் திருப்பினாள். கறந்து கறந்து கட்டைவிரல் முட்டிகள் தடித்துப்போன கைகள். "அந்த மாட்டுக்கு மொதல்ல நாலு கட்டி கெளம்புச்சுல்லா, அன்னைக்குக் காலைல பாத்தேன். மடியில ஒண்ணு இருந்துச்சு. கொசுக்கடின்னு நெனச்சேன். அத கறந்துட்டு, கைய முந்தியில தொடச்சுட்டு, அப்படியே வந்து பவுனக் கறந்தேன். கழுவல. ஒரு செம்பு தண்ணி. அஞ்சடி தூரத்துல குழாய்." கைகளைத் தொங்கவிட்டாள். "அவளத் திட்டாம நான் வேற யாரத் திட்ட?"

வேல்விழி மறுபடி ஊசியைப் பற்றிச் சொன்னாள். இந்தமுறை தெளிவாக, தேதியோடு. குருவம்மாள் ஒரு குழந்தை பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு, அவள் தோளைத் தட்டினாள். "சரி, சரி. போயி சாப்பிடுங்க. மொகமே கறுத்துப்போச்சு."

இதைவிடப் பெரிய தண்டனை இருக்கும் என்று வேல்விழிக்குத் தோன்றவில்லை. வைத்திருக்கவும் முடியாமல், இறக்கவும் இடமில்லாமல், கைமாறாத ஒரு சுமை. ஈ, கை, ஊசி. எது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரிந்தவர்கள் போலத் தெருவில் நடந்துபோக வேண்டியதுதான்.

கன்றைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தொழுவத்துக்குள் நுழைந்தார்கள். பவுனு நின்ற இடத்தைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தது. காலையிலிருந்த பரபரப்பில் கன்றை யாரோ வலைக்கு வெளியே கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கயிறு நீளமாக இருந்தது.

சுவரோரம் இன்றைய புல்கட்டு கிடந்தது. இராமலட்சுமி எப்போது போட்டாள் என்று தெரியவில்லை. தோப்புக்கு வருமுன்னே போட்டிருக்க வேண்டும். மாடு செத்த வீட்டுக்கு, அதே அளவு கட்டு, அதே தென்னங்கீற்றால் கட்டிய முடிச்சு. சாரல் ஈரம் அதன் மேல் இன்னும் உலரவில்லை.

கன்று கயிற்றை முழுதாக இழுத்து, கழுத்தை நீட்டி, ஒரு புல் தாளைப் பற்றியது.

வேல்விழி மனத்துக்குள் நாட்களை எண்ணினாள். அந்தப் பக்கத்து மாட்டின் பொருக்கு இன்னும் உதிர்ந்துகொண்டிருக்கும். இன்னும் மூன்று வாரமாவது போக வேண்டும். தடுக்க வேண்டியது அவள். அதற்குத்தான் சம்பளம். இரண்டு எட்டு எடுத்து வைத்தால் கயிறு கைக்கு வந்துவிடும். திரும்பிக் குருவம்மாளைப் பார்த்தாள். குருவம்மாளும் கன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளுகிற கம்பு எட்டும் தூரத்தில் சாய்ந்திருந்தது. அவள் எடுக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், தோப்பிலிருந்து திரும்பி வந்தவளின் செருப்புச் சத்தம் கேட்டது. அது சுவரை ஒட்டி வந்து நின்றது.

கன்று மென்று முடித்துவிட்டு, அடுத்த தாளுக்குக் கழுத்தை நீட்டியது.