தடைக்கால விளம்பரம்

சந்தைப்படுத்தல் ஆலோசகராகத் தனித்தொழில் தொடங்கியிருந்த ஃபைஸாவுக்கு, மாமல்லபுரத்தில் மீன் உணவகம் நடத்தும் முஜீப்தான் முதல் பெரிய வாடிக்கையாளர். "எல்லாமே நம்ம கரை மீன்" என்று சாலையோரம் பலகை வைக்க அவர் விரும்பினார். அதுவோ மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. வஞ்சிரம் கேரளத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்துகொண்டிருந்தது. சிறு படகுகள் பிடித்துவரும் நெத்திலி மட்டுமே உள்ளூர் மீன்.

"'நெத்திலி நம்ம கரை, வஞ்சிரம் கேரளா'ன்னு போடலாம்ண்ணே," என்றாள்.

"இன்னாம்மா நீ, கடையத் தொறக்கக் கூப்ட்டா பூட்டு எடுத்தாற? கடலு எதுர்லயே கீது. எவன் கேக்கப் போறான்?"

"கேக்க மாட்டாங்க, நம்பிடுவாங்க. அதனாலதான் என்னால எழுத முடியாது."

"அப்ப வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஃபைஸா மடிக்கணினியை மூடினாள். வந்தவரைப் பசியோடு அனுப்பும் வழக்கம் முஜீபுக்கு இல்லை. "சாப்ட்டுப் போ. வஞ்சிரம் சொல்லட்டா?"

"நீங்க சாப்புடறதே போதும்ண்ணே."

தடைக்காலத்தில் முதலாளி வேறெதையும் தொடுவதில்லை என்பதால், பரிமாறுபவர் கேட்காமலேயே இரண்டு தட்டு நெத்திலி வறுவலைக் கொண்டுவந்து வைத்தார். முஜீப் தட்டையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, கேரளாவச் சின்னதாப் போடு."

"ரெண்டும் ஒரே அளவுதாண்ணே," என்று கணினியைத் திறந்தாள் ஃபைஸா.